கை தூக்கச் சொல்லிட்டு ரிசல்ட்டை நீங்களே மாத்தாதீங்க டீச்சர்

சின்னக் கிளாஸ் எடுக்குற எல்லா டீச்சர்களுக்கும் சார்களுக்கும் வணக்கம்.

ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் எடுக்குறவங்களுக்குத் தான் முக்கியமா எழுதுறேன். நான் டீச்சர் கிடையாது, ஒரு பொண்ணுக்கு அப்பா, அவ்வளவு தான். அதனால "நாப்பது பிள்ளைங்கள ஒரே ஒரு நாள் சமாளிச்சுப் பாரு, அப்புறம் வந்து பேசு"ன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்குறேன், நியாயம் தான், பொறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்த பத்து பிள்ளைங்களயே என்னால ரெண்டு மணி நேரம் உக்கார வைக்க முடியல. ஆனாலும் ஒரு விஷயம் மனசுல ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, அதைக் கொட்டிடுறேன்.

என் பொண்ணு மூணாவது படிக்கும்போது கிளாஸ் லீடர் எலெக்‌ஷன் வெச்சாங்க. தேர்தல்னா என்னன்னு பாடம் நடத்திட்டு, சரி நாமளும் ஒண்ணு நடத்திப் பாப்போம்னு. நல்ல ஐடியா தானே, எனக்கும் ரொம்பப் பிடிச்சுது. மூணு பேர் நின்னாங்க. என் பொண்ணு நிக்கல, ஆனா நின்ன ஒரு பையனுக்காக ஒரு வாரம் வீட்டுல ஒரே பிரச்சாரம், எங்க ரெண்டு பேரையும் சோபால உக்கார வெச்சு அவன் ஏன் ஜெயிக்கணும்னு பேசிக் காட்டுவா. அன்னைக்கு எல்லாரும் கை தூக்குனாங்க, டீச்சர் எண்ணுனாங்க, அந்தப் பையன் தான் ஜெயிச்சான், அதுவும் நல்ல வித்தியாசத்துல. உடனே டீச்சர் என்ன சொன்னாங்கன்னா, இவன் ரொம்ப வாலு, இவனே பேசிட்டு இருப்பான், இவன் எப்படி மத்தவங்களைப் பேசாம இருக்கச் சொல்லுவான், அதனால ரெண்டாவது வந்த பொண்ணே லீடரா இருக்கட்டும்னு சொல்லி பேட்ஜை அவ சட்டைல குத்திட்டாங்க. முடிஞ்சுது எலெக்‌ஷன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ பையைக் கூட இறக்கல, கேட்ட ஒரே கேள்வி: "அப்ப எதுக்குப்பா எங்கள கை தூக்கச் சொன்னாங்க?"

எனக்குப் பதில் தெரியல. இன்னைக்கும் தெரியல. அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல மெதுவா எடுத்துச் சொன்னேன், "சின்னப் பசங்க தானே சார், சும்மா ஒரு பழக்கத்துக்குத் தான் வெச்சோம்"னு சிரிச்சாங்க. அந்த டீச்சர் கெட்டவங்க இல்ல, பிள்ளைங்க மேல உண்மையான பாசம் உள்ளவங்க, அவங்க கவலையும் எனக்குப் புரியுது. ஆனா அந்த "பழக்கத்துக்கு"ங்குற வார்த்தை தான் என்னை யோசிக்க வெச்சுது. எதுக்குப் பழக்கம்? நாம எல்லாரும் சேர்ந்து ஒண்ணு சொன்னாலும் மேல இருக்குறவங்க நினைச்சா மாத்திடலாம், அதைக் கேக்கக் கூடாது, அடுத்த பீரியட் கணக்கு நோட்டை எடுன்னா எடுக்கணும், இதுக்கா? பாடப் புத்தகத்துல ஜனநாயகம்னா மக்கள் ஆட்சின்னு ஒரு வரி இருந்துச்சு, அதை அவ பரீட்சைல சரியா எழுதி ஃபுல் மார்க்கும் வாங்கிட்டா. ஆனா கிளாஸ்ல கத்துக்கிட்டது வேற.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு தான். பிள்ளைங்க போடுற ஓட்டை மதிக்கிற தைரியம் உங்களுக்கு இருந்தா எலெக்‌ஷன் வைங்க. இல்லையா, வைக்கவே வேண்டாம். "லீடரை நான் தான் செலக்ட் பண்ணுவேன், ஏன்னா இந்த இந்தக் காரணம்"னு நேரா சொல்லிடுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, பிள்ளைங்க அதை ஏத்துக்குவாங்க, வீட்டுல தினமும் அப்படித் தானே நடக்குது. ஓட்டு வாங்கிட்டு ஏமாத்துறது தான் தப்பு.

இதுக்கு மேல எழுதுறதெல்லாம், நான் ஒரு வருஷமா அங்கங்க படிச்சதும் யோசிச்சதும் தான், வேணும்னா எடுத்துக்கோங்க.

முதல்ல, சின்னப் பிள்ளைங்களுக்கு எலெக்‌ஷனை லீடர்ல இருந்து ஏன் ஆரம்பிக்கணும்னு எனக்குப் புரியல. ஏழு வயசுப் பிள்ளை எதை வெச்சு ஆளைத் தேர்ந்தெடுக்கும்? பக்கத்துல உக்காந்திருக்கான், பென்சில் கடன் குடுத்தான், நல்லா ஓடுவான், அவ்வளவு தான். (நாம மட்டும் என்ன பெரிசான்னு கேக்காதீங்க, அது வேற சண்டை.) தோத்த பிள்ளைக்கு அது வெறும் தோல்வி இல்ல, "கிளாஸ்ல யாருக்கும் என்னைப் பிடிக்கல"ன்னு தான் மனசுல ஏறும், அதுவும் கை தூக்கும்போது திரும்பிப் பாத்து எண்ணிட்டு, நம்ம ஃப்ரெண்டே நமக்குத் தூக்கலன்னு தெரிஞ்சா அந்த வயசுல அது எவ்வளவு பெரிய இடி. ஆளுக்குப் பதிலா ஒரு விஷயத்துக்கு ஓட்டு வைங்களேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்ல எந்தக் கதை படிக்கலாம், கிளாஸ் செடிக்கு என்ன பேர் வைக்கலாம், செவுத்துல ஒட்டுற சார்ட்ல காடா கடலா. தோத்தாலும் தோத்தது கடல் தான், பிள்ளை இல்ல.

அப்புறம் அந்தச் சின்ன விஷயம் நிஜமா நடக்கணும். பேய்க் கதைன்னு ஓட்டு விழுந்துச்சா, உங்களுக்குப் பிடிக்கலன்னாலும் பேய்க் கதை தான் படிக்கணும். அதைப் படிக்க மனசு வராதுன்னா முதல்லயே லிஸ்ட்ல சேக்காதீங்க. எதுக்கு ஓட்டுப் போடலாம், எதுக்குப் போட முடியாதுன்னு வேலி போடுறது உங்க உரிமை, அதை ஓட்டுக்கு முன்னாடி போடணும், பின்னாடி இல்ல. பெரிய நாடுகள்ல அரசியல் சட்டம் பண்ற வேலையில பாதி இது தானே. லீவு விடலாமா வேண்டாமா, ஹோம்வொர்க் வேணுமா வேண்டாமான்னு ஓட்டு வெச்சா முப்பதுக்கு முப்பது எந்தப் பக்கம் விழும்னு உங்களுக்கே தெரியும், அதை வெளிய வெச்சிடுங்க, ஏன் வெளிய வெச்சீங்கன்னும் சொல்லிடுங்க.

வேலிக்கு வெளிய கண்டிப்பா இருக்க வேண்டிய இன்னொண்ணு இருக்கு. "டீச்சர், அவனைச் சேத்துக்க வேண்டாம்னு எல்லாரும் சொல்றோம், ஓட்டு வேணா வெச்சுக்கோங்க"ன்னு ஒரு நாள் ஒரு பிள்ளை சொல்லும். சொல்லியே தீரும். கூட்டமா சேந்துட்டா எதை வேணா பண்ணலாம்னு நினைக்கிற வயசு அது, சில பேருக்கு அந்த வயசு கடைசி வரைக்கும் போறதே இல்ல. அன்னைக்கு நீங்க பாடப் புத்தகத்தை மூடி வெச்சுட்டு அதைப் பத்தி மட்டும் பேசுங்க: இருபத்தொம்போது பேர் சேந்து கை தூக்குனாலும் ஒருத்தனை விளையாட்டுல இருந்து வெளிய தள்ள முடியாது, அது ஓட்டுக்கு வர்ற விஷயமே இல்லன்னு. பெரும்பான்மைக்கும் ஒரு எல்லை இருக்குன்னு பெரியவங்களுக்குப் புரிய வைக்குறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும், எட்டு வயசுல புரிய வைக்குறது சுலபம், ஏன்னா அந்த ஒருத்தன் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கான்.

அடுத்து இந்தக் கை தூக்குற பழக்கம். எனக்கு இது பிடிக்கவே இல்ல. எண்ண ஈஸி, நேரம் மிச்சம், எல்லாம் சரி. ஆனா கை தூக்கும்போது பிள்ளைங்க எங்க பாக்குதுன்னு ஒரு தடவ கவனிங்க. முதல்ல ஃப்ரெண்டைப் பாக்கும், அடுத்து கிளாஸ்ல பெரிய ஆள் யாரோ அவனைப் பாக்கும், கடைசில உங்க முகத்தைப் பாக்கும். பாதி தூக்குன கை கீழ இறங்குறதும், இறங்கி இருந்த கை மெதுவா மேல போறதும் அப்படித் தான்.

பெரியவங்க உலகத்துலயே ரகசிய ஓட்டு ரொம்பப் பழசு ஒண்ணும் இல்ல. பிரிட்டன்ல 1872 வரைக்கும் ஓட்டுப் போடுறவர் எல்லார் முன்னாடியும் நின்னு இன்னாருக்கு என் ஓட்டுன்னு வாய் விட்டுச் சொல்லணும், அதை ஒருத்தர் நோட்டுல எழுதிக்குவார், யார் யாருக்குப் போட்டாங்கன்னு சில இடத்துல அச்சடிச்சுப் புத்தகமாவே போட்டாங்க. நிலத்துக்காரரும் முதலாளியும் அதைப் பாத்துட்டு இருந்தா கூலிக்கு வேலை பாக்குறவன் வாய்ல என்ன பேர் வரும்? ஆஸ்திரேலியாவுல விக்டோரியாவும் சவுத் ஆஸ்திரேலியாவும் 1856லயே ரகசிய ஓட்டுக்கு மாறிடுச்சு, பிரிட்டனுக்கு அது வந்து சேர 16 வருஷம் ஆச்சு. அங்க அந்தச் சட்டத்துல நடந்த முதல் தேர்தல் 1872 ஆகஸ்ட்ல போன்டிஃப்ராக்ட்ங்குற ஊர்ல நடந்த இடைத்தேர்தல். ஓட்டுப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க எதை எடுத்தாங்க தெரியுமா, அந்த ஊர் அதிமதுர மிட்டாய் ஃபேக்டரியோட அச்சை. இதை மட்டும் கிளாஸ்ல சொல்லிப் பாருங்க, ரகசிய ஓட்டுச் சட்டம் மறந்தாலும் மிட்டாய் முத்திரை மறக்காது.

சொல்லிட்டு ஒரு சோதனை பண்ணுங்க. ஒரே கேள்விக்கு முதல்ல கை தூக்கச் சொல்லி எண்ணுங்க, போர்டுல எழுதிடுங்க. அதே கேள்விக்கு சீட்டுல டிக் போட்டு மடிச்சு டப்பால போடச் சொல்லி எண்ணுங்க. ரெண்டு நம்பரும் ஒண்ணா இருந்தா நல்லது, சந்தோஷம். வேற வேறயா இருந்தா ஏன்னு பிள்ளைங்களயே கேளுங்க, யார் மாத்துனீங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அதைக் கேட்டா மொத்தமும் போச்சு.

இதுல ஒரு நேர்மையான பின்குறிப்பும் சொல்லணும், கை தூக்குற ஓட்டு உலகத்துல அழிஞ்சு போகல. சுவிட்சர்லாந்துல கிளாரஸ், அப்பென்செல் இன்னர்ரோடன்னு ரெண்டு மாநிலத்துல இன்னைக்கும் ஜனங்க திறந்த மைதானத்துல கூடி நின்னு கை தூக்கித் தான் முடிவு பண்றாங்க. பாக்க அழகா இருக்கும். ஆனா அதே அப்பென்செல்ல பெண்களுக்கு மாநில விஷயத்துல ஓட்டுக் கிடைச்சது 1990ல, அதுவும் அங்க இருந்த ஆம்பளைங்க கை தூக்கிக் குடுக்கல, கோர்ட் சொல்லித் தான் கிடைச்சுது. நியூசிலாந்து 1893லயே குடுத்துடுச்சு. இந்த ரெண்டு வருஷத்தையும் போர்டுல எழுதி நடுவுல எத்தனை வருஷம்னு கழிக்கச் சொன்னா அதுவே கணக்குப் பாடம், 97ன்னு வந்ததும் பெண் பிள்ளைங்க முகத்தைப் பாருங்க.

"என் கிளாஸ்ல பாதிக்கு எழுதவே வராது, சீட்டு எங்க எழுதுறது"ன்னு ஒண்ணாவது டீச்சர் கேக்குறது காதுல விழுது. எழுத வேண்டாம். 1951-52ல இந்தியா முதல் பொதுத் தேர்தல் நடத்தினப்போ ஓட்டுரிமை இருந்தவங்க 17 கோடிக்கும் மேல, அதுல பெரும்பாலானவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வெச்சு, பெட்டி மேல சின்னத்தை ஒட்டி, பிடிச்ச பெட்டில சீட்டைப் போடுன்னு சொல்லிட்டாங்க. படிக்கத் தெரியலன்னா யோசிக்கத் தெரியாதுன்னு அவங்க நினைக்கல. ஆறு வயசுப் பிள்ளைக்கும் அதே பெட்டி போதும்.

இன்னும் பிரமாதமானது காம்பியாவோடது. ஆப்பிரிக்காவுல சின்ன நாடு, 1960கள்ல இருந்து அங்க கோலிகுண்டு தான் ஓட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு டிரம், மேல கலர், போட்டோ, சின்னம். குழாய்ல கோலியைப் போட்டா உள்ள இருக்குற மணில பட்டு டிங்னு ஒரு சத்தம். வெளிய உக்காந்திருக்குற ஆபீசர் காதை வெச்சுக் கேட்டுட்டே இருப்பார், ஒரு தடவ டிங்னா ஒரு ஓட்டு, ரெண்டு தடவ கேட்டா ஏதோ தில்லுமுல்லு. 2021 ஜனாதிபதித் தேர்தலும் கோலில தான் நடந்துச்சு. ரெண்டு தகர டப்பா, ஆளுக்கு ஒரு கோலி, முன்னாடி ஒரு துணித் திரை, இவ்வளவு தான் செலவு. என் பொண்ணுகிட்ட இதைச் சொன்ன அன்னைக்கு வீட்டுல இருந்த எல்லா டப்பாலயும் கோலி விழுந்துச்சு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னன்னு கூட ஓட்டெடுப்பு நடந்து நான் தோத்துட்டேன்.

எண்ணுறதைப் பிள்ளைங்ககிட்டயே குடுங்க, இது ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். டீச்சர் டேபிள்ல தனியா எண்ணி ரிசல்ட் சொல்றதுல நம்பிக்கை தான் இருக்கு, தெரிஞ்சுக்கிட்டது எதுவும் இல்ல. ரெண்டு பேர் எண்ணட்டும், போட்டியிடுற பக்கத்துக்கு ஒருத்தர் பக்கத்துல நின்னு பாக்கட்டும். முப்பது பேர் ஓட்டுப் போட்டு முப்பத்தொண்ணு சீட்டு வரும், வரும் பாருங்க. அப்ப என்ன பண்றது? ஒருத்தன் ரெண்டு படத்துக்கும் டிக் போட்டிருப்பான், ஒருத்தி டிக்குக்குப் பதிலா இதயம் வரைஞ்சிருப்பா, ஒண்ணு வெத்துச் சீட்டா இருக்கும். இதயம் செல்லுமா செல்லாதா? என்னைக் கேட்டா இந்தச் சண்டை தான் மொத்த எலெக்‌ஷன்லயும் பெரிய பாடம், பேச விட்டுடுங்க, பீரியட் போனாலும் போகட்டும். ஆனா ஒண்ணு, எந்தப் பக்கத்துக்கு அந்தச் சீட்டு சாதகம்னு தெரிஞ்சுட்டா பிள்ளைங்க நியாயமும் அதுக்குத் தகுந்த மாதிரி வளையும். அதைக் கவனிக்க வெச்சுட்டு, அடுத்த தடவ ஓட்டுக்கு முன்னாடியே விதியை எழுதிடலாமான்னு கேளுங்க. பந்தயம் முடிஞ்ச பிறகு கோட்டை அழிச்சு வரையக் கூடாதுன்னு அவங்களே சொல்லுவாங்க.

நாலாவது அஞ்சாவது எடுக்குறவங்களுக்கு ஒரு கணக்கு. முப்பது பேர், மூணு விளையாட்டு. பந்துக்கு 12, கண்ணாமூச்சிக்கு 10, ஓடிப்பிடிச்சுக்கு 8. பந்து ஜெயிச்சுதா? ஜெயிச்சுது தான். ஆனா 18 பேர் பந்து கேக்கலயே. சரி, கடைசில வந்த ஓடிப்பிடிச்சை எடுத்துட்டு அந்த எட்டுப் பேரையும் உங்க அடுத்த ஆசை என்னன்னு கேட்டா, ஏழு பேர் கண்ணாமூச்சி, ஒருத்தர் பந்துன்னு வெச்சுக்கோங்க. இப்ப கண்ணாமூச்சி 17, பந்து 13. அதே பிள்ளைங்க, அதே ஆசை, எண்ணுற முறை மாறினதும் ஜெயிச்சது மாறிடுச்சு. ஆஸ்திரேலியாவுல மக்கள் சபைத் தேர்தல்ல 1, 2, 3ன்னு வரிசை எழுதி இந்த மாதிரி தான் எண்ணுறாங்க. எந்த முறை நியாயம்னு கிளாஸ்ல கேளுங்க, எனக்கு இன்னும் முடிவு தெரியல, 1785ல பிரான்ஸ்ல கோண்டோர்சேன்னு ஒருத்தர் இதைக் குடைஞ்சு பாத்துட்டு, மூணு இருந்தா ஒண்ணை ஒண்ணு ஜெயிச்சு வட்டமாவே சுத்துறதும் நடக்கலாம்னு காட்டிட்டார். கல்லு, பேப்பர், கத்தரி விளையாடுற பிள்ளைக்கு இது நம்மள விட சீக்கிரம் புரியும்.

ஒரு சின்னக் குறை, கோச்சுக்காதீங்க. தேர்தல் பாடம்னு வந்ததும் குடவோலையைக் கொண்டு வந்து, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நாம எலெக்‌ஷன் நடத்தினோம்னு பெருமையா சொல்லிட்டுப் போயிடுறோம். உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921 வாக்குல வெட்டினது, பெருமையான விஷயம் தான். ஆனா அது ஓட்டு இல்ல, குலுக்கல். 30 குடும்புல (இப்ப வார்டுன்னு சொல்ற மாதிரி ஊர்ப் பிரிவு) இருந்தும் தகுதி உள்ளவங்க பேரை ஓலைல எழுதிக் குடத்துல போட்டு எடுப்பாங்க. தகுதின்னா வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனைல வீடு இருக்கணும், 35 வயசுக்கு மேல 70க்குள்ள இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். அதாவது ஊர்ல பாதிக்கு மேல குடத்துக்கிட்டயே வர முடியாது. கணக்குக் காட்டாம ஏமாத்தினவன் பேரும் அவன் சொந்தக்காரங்க பேரும் குடத்துல ஏறக் கூடாதுன்னும் போட்டிருக்கு, அது சூப்பர். பிள்ளைங்களுக்கு இதை முழுசா சொல்லுங்க. அதுல ஓலையை எடுத்தது யார்னு பாத்தா, உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன். சின்னப் பிள்ளை கள்ளம் பண்ணாதுன்னு அந்தச் சபைக்கே நம்பிக்கை இருந்திருக்கு! கிரேக்கத்துல ஏதென்ஸ்லயும் 500 பேர் சபையைக் குலுக்கல்ல தான் எடுத்தாங்க. அதை வெச்சு கிளாஸ்ல ஒரு மாசம் லீடரைக் குலுக்கல்ல எடுத்துப் பாருங்களேன். யாரும் ஓட்டுப் போடாத, வாயே திறக்காத பிள்ளை பேர் ஒரு நாள் வரும்.

நிஜத் தேர்தல் நடக்குற சமயத்துல தான் உங்களுக்குப் பெரிய தலைவலின்னு தெரியும். பிள்ளைங்க வீட்டுல கேட்டதை அப்படியே கொண்டு வந்து கொட்டும், எங்க அப்பா சொன்னாரு அந்தக் கட்சி திருட்டுக் கட்சின்னு ஒண்ணு, உங்க அப்பாக்கு என்ன தெரியும்னு இன்னொண்ணு, அடிதடி ஆயிடும். அதுக்கு பயந்து அந்தப் பேச்சையே எடுக்காதன்னு நிறையப் பேர் அடக்கிடுறாங்க. ஜெர்மனில 1976ல பாய்டெல்ஸ்பாக்ங்குற ஊர்ல அரசியல் கல்வி நிபுணருங்க கூடிப் பேசினதுல இருந்து சில ஒழுங்கு வந்துச்சு: மாணவன் மேல நம்ம கருத்தைத் திணிக்கக் கூடாது, வெளிய சர்ச்சையா இருக்குறதை கிளாஸ்லயும் சர்ச்சையாவே காட்டணும், தனக்கு இதுல என்ன சம்பந்தம்னு மாணவனே யோசிக்கப் பழகணும். எனக்கு இது போதும்னு தோணுது. நிஜக் கட்சிப் பேரை வெச்சு மாதிரித் தேர்தல் மட்டும் இந்த வயசுல வேண்டாமே, அது பிள்ளைங்க ஓட்டு இல்ல, வீட்டு ஓட்டு, யார் வீட்டுல என்ன கட்சின்னு கிளாஸுக்கே தெரிஞ்சு போறது தான் மிச்சம்.

"டீச்சர், நீங்க யாருக்குப் போட்டீங்க?"ன்னு கேக்காத பிள்ளை இல்ல. மையோட விரலைப் பாத்ததும் கேட்டுடும். அதட்டாதீங்க. "அது ரகசியம், உன் அப்பா அம்மா கேட்டாலும் சொல்ல மாட்டேன், ஹெட்மாஸ்டர் கேட்டாலும் சொல்ல மாட்டேன், சொல்லாம இருக்குறது என் உரிமை"ன்னு சொல்லிச் சிரிங்க. ஹெட்மாஸ்டர் கேட்டாலுமாங்குறதுல கண்ணு விரியும் பாருங்க.

அடுத்த கேள்வி, நாங்க ஏன் போடக் கூடாது. இதுக்கு "நீங்க சின்னப் பசங்க"ன்னு ஒரே வரில முடிக்காதீங்க, ஏன்னா அந்த வரியை வெச்சுத் தான் ஒவ்வொரு காலத்துலயும் ஒவ்வொருத்தரை வெளிய நிறுத்தி இருக்காங்க, உனக்கு விவரம் பத்தாதுன்னு. 18ங்குறது மனுஷங்க பேசி வெச்ச கோடு, நிறைய நாட்டுல முன்னாடி 21 இருந்துச்சு, ஆஸ்திரியாவுல 2007ல இருந்து 16, பிரேசில்ல 1988ல இருந்து 16ல விருப்பப்பட்டா போடலாம். கோடு எங்க போடலாம்னு அவங்களயே கேளுங்க. ஏழு வயசுப் பிள்ளைங்க பெரும்பாலும் எட்டுன்னு தான் சொல்லும்னு நினைக்கிறேன், அதுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு விவரம் பத்தாதாம்.

கடைசியா ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். யானுஷ் கோர்ச்சாக், போலந்துல குழந்தை டாக்டர். 1912ல இருந்து வார்சாவுல யூதக் குழந்தைங்களுக்கான அனாதை இல்லம் ஒண்ணை நடத்தினார். அங்க பிள்ளைங்களுக்குன்னு பார்லிமென்ட், பிள்ளைங்களே நீதிபதியா உக்கார்ற கோர்ட். பெரியவங்க மேலயும் கேஸ் போடலாம், கோர்ச்சாக்கே அந்தக் கோர்ட் முன்னாடி நின்னிருக்கார். 1942ல நாஜிங்க அந்தக் குழந்தைங்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டு போனப்போ தப்பிக்க வழி இருந்தும் கூடவே போனார்னு எல்லாரும் அந்த முடிவைத் தான் சொல்லுவாங்க. எனக்கு அதுக்கு முந்தின முப்பது வருஷம் தான் ஆச்சரியமா இருக்கு. பத்து வயசுப் பிள்ளை தப்புன்னு சொன்னா போய் நின்னு பதில் சொல்ற பெரிய மனுஷன்!

உங்களை கோர்ட்ல நிக்கச் சொல்லலங்க. வாலுப் பையன் ஜெயிச்சா அவன் சட்டைல பேட்ஜைக் குத்திடுங்க, அவ்வளவு தான். ஒரு மாசம் பாருங்க. கிளாஸ் சத்தமாத் தான் இருக்கும். மாசக் கடைசில மறுபடி சீட்டுக் குடுத்து இவனே தொடரலாமான்னு கேளுங்க, அவனை எடுத்தவங்களே இறக்கட்டும், இல்ல வெச்சுக்கட்டும்.

என் பொண்ணு இப்ப அஞ்சாவது. போன வாரம் மறுபடி லீடர் எலெக்‌ஷன், வேற டீச்சர். யாருக்குக் கை தூக்குனன்னு கேட்டேன். "தூக்கல ப்பா, டீச்சரே யாரையாச்சும் போட்டுடுவாங்க"ன்னு சொல்லிட்டு ஷூவைக் கழட்டப் போயிட்டா. ஆனா இந்தத் தடவ டீச்சர் ரிசல்ட்டை மாத்தல. அதை அவ மறுநாள் தான் எங்கிட்ட சொன்னா.

இப்படிக்கு,
மூணாவதுல கை தூக்குன ஒரு பொண்ணோட அப்பா